ஜனங்களின் சந்தோஷம்

சென்ற சனிக்கிழமை அக்காள் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சைபர்ஜெயாவில் வேலை. வாரம் முழுக்கக் கணினி, வாரக் கடைசியில் ஃபுட்சால். இரவு இருவரும் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தோம். பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லாக் காலத்துக்கும் சிறந்த காற்பந்து ஆட்டக்காரர் யார்? அவன் மெஸ்ஸி என்றான். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், கேட்காமலேயே, மரடோனா என்றார். நான் கரிஞ்சா என்றேன்.

“யார் மாமா அது? மீன் பேரு மாதிரி இருக்கு.”

“மீன் இல்லைடா, குருவி.”

கைப்பேசியில் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஒன்றைத் தேடிக் காட்டினேன். பத்து விநாடி பார்த்திருப்பான். அவனுடைய முதல் கேள்வி பந்தைப் பற்றியது அல்ல. “மாமா, இவர் கால் ஏன் இப்படி இருக்கு?”

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் பாவ் கிராண்டே என்று ஒரு சிற்றூர். அங்கே 1933 அக்டோபர் 28ஆம் தேதி பிறந்தவர் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. வலது கால் உள்நோக்கி, இடது கால் வெளிநோக்கி. அவர் நேராக நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால், பலமான காற்று ஒரு பக்கமிருந்து அடித்து இரண்டு கால்களையும் சாய்த்துவிட்டதுபோல இருக்கும். உருவத்திலும் சிறியவர். அதனால் அக்காள் ரோசா அவருக்கு ஒரு சின்னக் குருவியின் பெயரை வைத்தார். அதுதான் கரிஞ்சா. பாடும், பறக்கும், கூண்டில் அடைத்தால் தாங்காது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் குருவி.

பாவ் கிராண்டே ஒரு துணி ஆலையைச் சுற்றி உருவான ஊர். வீடுகள் ஆலைக்குச் சொந்தம். காற்பந்துத் திடலும் ஆலைக்குச் சொந்தம். அப்பா ஆலையில் வேலை, பிள்ளையும் வளர்ந்தால் ஆலையில் வேலை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரிஞ்சாவும் 14 வயதில் ஆலைக்குப் போனார். மிக மோசமான தொழிலாளி. பஞ்சுப் பெட்டிகளுக்குள் படுத்துத் தூங்குவாராம். வேலையை விட்டு நீக்கியவர்களே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஆலையின் காற்பந்துக் குழுவுக்கு அவர் தேவைப்பட்டார்.

பெரிய கழகங்களில் சேர வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கழகத்தின் தேர்வுக்குப் பூட்ஸ் இல்லாமல் போனார், இன்னொன்றில் ஊருக்குப் போகும் கடைசி ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்து வந்துவிட்டார் என்று கதைகள் உண்டு. 1953இல், கிட்டத்தட்ட 20 வயதில், யாரோ வற்புறுத்தி ரியோவின் போட்டாஃபோகோ கழகத்துக்கு அழைத்துப் போனார்கள். தேர்வு ஆட்டத்தில் அவரை எதிர்த்து நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். அப்போதே பிரேசில் தேசியக் குழுவில் இருந்த தற்காப்பு ஆட்டக்காரர், உலகின் சிறந்த இடப்புறக் காவலர்களில் ஒருவர். அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டு இந்தப் பையன் ஓடிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் நில்டன் சாண்டோஸ் நிர்வாகத்திடம் போய், இவனை உடனே எடுங்கள், எதிரணியில் இவன் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்ற பொருளில் சொன்னதாகக் கழகத்தின் வரலாறு சொல்கிறது. அவமானப்பட்டவரே சிபாரிசு செய்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் கரிஞ்சாவைவிட நில்டன் சாண்டோஸ்தான். கடைசிவரை அவர் கரிஞ்சாவின் நண்பராகவே இருந்தார்.

போட்டாஃபோகோவின் முதல் குழுவில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்.

அவர் எப்படி ஆடினார் என்று என் மருமகனுக்கு அன்றிரவு மேசை மேல் கரண்டியையும் குவளையையும் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. கரிஞ்சா வலப்புற ஓரத்தில் ஆடுபவர். பந்து காலுக்கு வந்ததும் ஓட மாட்டார், நின்றுவிடுவார். எதிரே தற்காப்பு ஆட்டக்காரர் வந்து நிற்பார். இருவரும் ஒரு கணம் சும்மா நிற்பார்கள். கரிஞ்சாவின் உடம்பு இடப்பக்கம் சாயும், பந்து அசையாது. எதிராளியும் அந்தப் பக்கம் சாய்வார். மறுபடி சாய்வு. பிறகு, வளைந்த அந்தக் காலிலிருந்து எப்படித்தான் அந்த வேகம் வந்ததோ, வலப்பக்கமாகப் பாய்ந்து போய்விடுவார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. எப்போதும் வலப்பக்கம்தான் போவார் என்பது நாடு முழுக்கத் தெரியும். எதிரணிப் பயிற்றுநர்கள் பலகையில் எழுதிப் பாடம் நடத்தினார்கள். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. சாய்வது அந்த உடம்பு என்பதால், மற்றவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் கணக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

தாண்டிப் போனவர் அப்படியே போய்விடவும் மாட்டார். சில சமயம் நின்று, விழுந்தவர் எழுந்து வரும்வரை காத்திருந்து, மறுபடியும் தாண்டுவார். தன்னைத் தடுக்க வந்த எல்லாரையும் அவர் ‘ஜோவாவ்’ என்ற ஒரே பெயரால் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். நம் ஊரில் எல்லாரையும் முனியாண்டி என்பதுபோல. ஐம்பதுகளின் கடைசியில் மெக்சிகோ நகரில் போட்டாஃபோகோவும் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் ஆடின. வைரோ என்ற தற்காப்பு ஆட்டக்காரரை அவர் திரும்பத் திரும்பத் தாண்டியபோது, காளைச் சண்டையில் கத்துவதுபோல அரங்கமே ‘ஓலே’ என்று கத்தியது. இன்று உலகின் எல்லாத் திடல்களிலும் கேட்கும் அந்தக் கூச்சல் அன்றுதான் காற்பந்துக்குள் வந்தது என்பது பிரேசில்காரர்களின் கணக்கு.

1958 உலகக் கிண்ணப் போட்டிக்குச் சுவீடன் போகும் வழியில், இத்தாலியில் ஃபியோரென்டினா கழகத்துடன் பயிற்சி ஆட்டம். தற்காப்பு ஆட்டக்காரர்களையும் கோல்காவலரையும் தாண்டிவிட்டார். எதிரே காலியான கோல். அடிக்கவில்லை. திரும்பி ஓடி வருபவருக்காகக் காத்திருந்து, அவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் பந்தை உள்ளே தள்ளினார். நிர்வாகிகள் கொதித்துப்போனார்கள். குழுவோடு போன மனோதத்துவ நிபுணர் வைத்த தேர்விலும் அவர் வாங்கிய மதிப்பெண் மிகக் குறைவு. பேருந்து ஓட்டுநர் வேலைக்குக் கேட்கப்படும் மதிப்பெண்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதே நிபுணர் 17 வயதுப் பெலேயையும் முதிர்ச்சி போதாது என்றுதான் சொன்னார். நேர்காணல் தேர்வில் தோற்றுவிட்டு வரும் இளைஞர்கள் இந்த வரியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரையும் இறக்கவில்லை. இங்கிலாந்துடன் கோலே இல்லாமல் சமநிலை. மூன்றாவது ஆட்டம் ஜூன் 15ஆம் தேதி, கோத்தன்பர்க்கில், சோவியத் யூனியனுடன். கோல் முன்னே லெவ் யாஷின். அறிவியல் முறைக் காற்பந்து என்று உலகமே பயந்த குழு. ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளில் பந்து கரிஞ்சாவிடம் போனது. ஒருவரைத் தாண்டினார், மறுபடி அவரையே தாண்டினார், அடித்தார். கம்பத்தில் பட்டது. அடுத்த நிமிடம் பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் புகுத்தினார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியேல் ஆனோ அதைக் காற்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று எழுதினார். ஆட்டம் 2-0.

இந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு கதை. முன்னிரவு பயிற்றுநர் பலகையில் கோடு போட்டு, நீ இவரைத் தாண்டு, அங்கே பந்தைக் கொடு, அவர் கோல் அடிப்பார் என்று விளக்கினாராம். கரிஞ்சா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் ரஷ்யர்களிடம் பேசி முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, பிரேசிலில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது. அரசியலிலும் அலுவலகத்திலும் யாராவது திட்டத்தை அழகாக விளக்கும்போது, “ரஷ்யர்களிடம் பேசியாயிற்றா?” என்று கேட்கிறார்கள். என் மருமகன் இதை மட்டும் குறித்துக்கொண்டான். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு உதவுமாம்.

இறுதியாட்டத்தில் சுவீடன்தான் முதலில் கோல் போட்டது. வலப்புற ஓரத்தில் கரிஞ்சா ஓடி உள்ளே அனுப்பிய பந்தை வாவா கோலாக்கினார். கொஞ்ச நேரம் கழித்து அதே இடம், அதே ஓட்டம், அதே வாவா. 5-2. பிரேசிலுக்கு முதல் உலகக் கிண்ணம்.

நான்கு ஆண்டு கழித்துச் சிலியில் நடந்ததுதான் முழுக்க அவருடைய கிண்ணம். இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குக் காயம். இனி யார்? ஓரத்திலேயே கிடந்தவர் நடுவில் வந்தார், தலையால் முட்டினார், தூரத்திலிருந்து அடித்தார். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல். அந்த ஆட்டத்தின் நடுவே ஒரு கறுப்பு நாய் திடலுக்குள் ஓடி வந்து எல்லாருக்கும் போக்குக் காட்டியது. கரிஞ்சாவையும் தாண்டியது. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் மண்டியிட்டுத் தவழ்ந்து பிடித்தார், நாய் அவர் சட்டையை நனைத்தது. பிறகு குலுக்கலில் அந்த நாய் கரிஞ்சாவுக்கே கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்.

அரையிறுதியில் சிலிக்கு எதிராக, 32 நிமிடத்துக்குள் இரண்டு கோல். ஆட்டம் முழுக்க உதை வாங்கியவர் கடைசியில் ஒருமுறை திருப்பி உதைத்தார். நடுவர் வெளியேற்றினார். ஆனாலும் இறுதியாட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. பிரேசில் அரசாங்கமே தலையிட்டது என்பது ஊரறிந்த விஷயம். நியாயமா என்றால், இல்லை. அதற்காக நான் வருத்தப்படுகிறேனா என்றால், அதுவும் இல்லை. காய்ச்சலோடு இறங்கினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்றார்கள்.

பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. கரிஞ்சா ஆடிய 50 அனைத்துலக ஆட்டங்களில் தோல்வி ஒன்றே ஒன்று. அதுதான் அவருடைய கடைசி ஆட்டமும். 1966இல் இங்கிலாந்தில் ஹங்கேரி 3-1 என்று வென்றது. அன்று பெலே ஆடவில்லை.

சரி, அவ்வளவு புகழ் எதற்கு? பிரேசிலில் கேட்டால், பெலேயை வணங்கினோம், கரிஞ்சாவை நேசித்தோம் என்பார்கள். பெலேயைப் பார்த்தால் ராஜா. கரிஞ்சாவைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையன். உலகக் கிண்ணத்தை வென்று வந்தவர் நேரே பாவ் கிராண்டேக்குப் போய், பழைய ஆலைத் தோழர்களோடு வெறுங்காலில் பந்து உதைத்தார். கணக்குப் பார்க்கத் தெரியாதவர். கழகம் நீட்டிய ஒப்பந்தத் தாளில் தொகை எழுதும் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் நிரப்பாத கட்டத்தைக் கழகம் நிரப்பிக்கொண்டது. ‘ஜனங்களின் சந்தோஷம்’ என்று அவருக்குப் பட்டம். அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பெயரில் ஆவணப்படமும் வந்தது.

என் பெரியப்பா தோட்டத்து ஆட்டக்காரர். கரிஞ்சாவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கும் பல ஆண்டுகள் அது சிரிப்புக் கதைதான். பேருந்து ஓட்டக்கூடத் தகுதி இல்லை, ரஷ்யர்களிடம் பேசியாயிற்றா, நாய். இப்போது யோசித்தால், அந்தக் கதைகள்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ‘அவன் வெகுளி, அவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தால், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதும் வேடிக்கையாகிவிடுகிறது.

வளைந்த கால்களுக்கு அந்தத் திருப்பங்களைத் தாங்கும் சக்தி கிடையாது. 1963 வாக்கில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் பயணங்களில் அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 1964இல் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு பழைய கரிஞ்சா திரும்பவே இல்லை. போட்டாஃபோகோ விட்டுவிட்டது. கொரிந்தியன்ஸ், ஃபிளமெங்கோ, ஒலாரியா என்று அலைந்தார்.

குடி முன்பே இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது. ஆட்டம் போனதும் குடி மட்டும் மிஞ்சியது.

எல்சா சோவாரிஸைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ரியோவின் குடிசைப் பகுதியில் பிறந்து, தன் குரலாலேயே மேலே வந்த பாடகி. 1962 வாக்கில் இருவருக்கும் காதல். கரிஞ்சாவுக்கு அப்போது மனைவி நாயிர், ஏழு பெண்பிள்ளைகள். நாடே கொதித்தது, ஆனால் கரிஞ்சாமீது அல்ல. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று எல்சாவைத் திட்டினார்கள், வீட்டின்மீது கல்லெறிந்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுப் போனவர் மட்டும் எல்லாருக்கும் குழந்தையாகவே இருந்தார். 1969 ஏப்ரலில் அவர் ஓட்டிய கார் லாரியில் மோதியது. எல்சாவின் தாயார் இறந்துபோனார். அந்தக் குற்றவுணர்விலிருந்து அவர் மீளவில்லை. அதற்குப் பிறகும் எல்சா அவரை விடவில்லை. குடியை நிறுத்தச் சொல்லி மதுக்கடை மதுக்கடையாக ஏறி, அவருக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். 1977இல், அவர் அடித்த பிறகு, விலகிப் போனார்.

என் மருமகனிடம் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னேன். “அப்புறம் எதுக்கு மாமா அவரைப் போய்ச் சிறந்தவர்னு சொல்றீங்க?” என்றான். ஆட்டத்தில் சிறந்தவர் என்றேன். எனக்கே அந்தப் பதில் முழுதாகப் போதவில்லை.

1973 டிசம்பர் 19ஆம் தேதி ரியோவின் மரக்கானா அரங்கில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம். பெலேவும் ஆடினார். சுமார் 1,31,000 பேர் வந்தார்கள். வந்த பணம் அவருக்குத்தான். 40 வயது, கனத்துப்போன உடம்பு, தேய்ந்த முழங்கால். முதல் பாதி முடிவதற்குள் ஆட்டத்தை நிறுத்தி, திடலைச் சுற்றி ஓடவிட்டு வழியனுப்பினார்கள். அந்தப் பணமும் நிற்கவில்லை.

அதைவிட என்னால் பார்க்க முடியாத படம் ஒன்று உண்டு. 1980 கார்னிவல் ஊர்வலத்தில் மங்கேரா சம்பா குழுவினர் அவரைக் கௌரவிக்க அலங்கார வண்டியின்மேல் உட்காரவைத்தார்கள். மருந்து மயக்கம். சுற்றிலும் மேளமும் ஆட்டமும், இலட்சம் பேர் கையசைக்கிறார்கள். நடுவே அவர், எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகத்தோடு, துவண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை பார்த்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

1983 ஜனவரி 20ஆம் தேதி, 49 வயதில், குடியால் கெட்ட உடம்போடு ரியோவில் இறந்தார். உடலை மரக்கானாவில் வைத்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றிப் பாவ் கிராண்டேக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக ஜனங்கள், பாலங்களின்மேலும் ஜனங்கள். உயிரோடு இருந்தபோது மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவருக்குப் பின்னால் அன்று ரியோவே வந்தது.

எல்சா அதற்குப் பிறகு 39 ஆண்டுகள் பாடினார். 80 வயதைத் தாண்டியும் புதிய இசைத்தொகுப்புகள் போட்டார். அவற்றில், அடிக்கிற ஆணை வீட்டைவிட்டுத் துரத்தும் ஒரு பெண்ணின் பாட்டும் உண்டு. 2022ஆம் ஆண்டு காலமானார். தேதி, ஜனவரி 20. கரிஞ்சா இறந்த அதே நாள்.

பிரேசிலியாவில் இருக்கும் தேசிய அரங்கத்துக்கு இன்று மானே கரிஞ்சா என்று பெயர். அவருடைய சொந்த ஊரில் என்ன நடந்தது என்றால், 2017இல் அவருடைய பிறந்தநாளுக்கு ஏதாவது செய்யலாம் என்று மகே நகர நிர்வாகம் கல்லறையைப் பற்றி விசாரித்தது. அந்த இடுகாட்டில் அவர் பெயரோடு இரண்டு கல்லறைகள். இடையில் ஏதோ ஒரு சமயம் எலும்புகளை எடுத்து இடம் மாற்றியிருக்கிறார்கள், அதற்குச் சரியான பதிவு இல்லை. அவர் எங்கே கிடக்கிறார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல்லில் மட்டும் எழுத்து இருக்கிறது: ஜனங்களின் சந்தோஷமாக இருந்தவர் இங்கே அமைதியாக உறங்குகிறார் என்று.